ஐம்பத்தைந்தை எட்டும் செங்காங்

(மூப்படையும் உழைப்பாளர்களின் ஓய்வுக்கால வருமானம் பற்றிச் செங்காங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



செங்காங் என்றதும் சிங்கப்பூரில் பலருக்கும் நினைவுக்கு வருவது குழந்தைத் தள்ளுவண்டி. மின்தூக்கிக்குள் இரண்டு தள்ளுவண்டி நுழைந்துவிட்டால் மூன்றாமவருக்கு இடமில்லை. பாலர் பள்ளிக்குக் காத்திருப்போர் பட்டியல் நீளம். இளம் குடும்பங்களின் வட்டாரம் என்ற இந்தப் பெயர் எப்படி வந்தது என்று உங்களுக்குத் தெரியும். 1990-களின் கடைசியில் ரிவர்வேலிலும் கம்பஸ்வேலிலும் வீடுகள் எழும்பத் தொடங்கியபோது சாவி வாங்கியவர்கள் பெரும்பாலும் புதுமணத் தம்பதிகள். 2003-ல் இலகு ரயிலும் வடகிழக்குப் பாதை நிலையமும் திறந்தன. ஆங்கர்வேலும் ஃபெர்ன்வேலும் பிறகு வந்தன.

அந்தத் தம்பதிகளுக்கு அன்று முப்பதை நெருங்கும் வயது என்று வைத்துக்கொள்ளுங்கள். இன்று என்ன வயது? 1971-ல் பிறந்தவர் இந்த 2026-ல் 55-ஐ எட்டுகிறார். தள்ளுவண்டியில் வந்த பிள்ளைகள் தேசிய சேவையை முடித்துப் பல்கலைக்கழகத்தில் இருக்கிறார்கள். பெற்றோருக்கு மத்திய சேம நிதிக் (சிபிஎஃப்) கழகத்திடமிருந்து, உங்கள் 55-ஆவது பிறந்தநாளையொட்டி என்னென்ன நடக்கும் என்று விவரிக்கும் கடிதம் வருகிறது. வேறு எந்த வட்டாரத்தையும்விட இந்த வட்டாரத்தில் அந்தக் கடிதம் ஒரே சமயத்தில் பல வீடுகளுக்கு வரும் காலம் தொடங்கியிருக்கிறது என்று நினைக்கிறேன். அதனால்தான் இந்தத் தலைப்பைப் பேச இந்த இடத்தைத் தேர்ந்தெடுத்தேன்.

அந்தக் கடிதம் வந்தபின் நடப்பது இதுதான். உங்களுக்கு ஓய்வுக்காலக் கணக்கு என்ற புதிய கணக்கு திறக்கப்படும். சிறப்புக் கணக்கில் உள்ள பணம் முதலில் அங்கே போகும். போதாவிட்டால் சாதாரணக் கணக்கிலிருந்து எடுக்கப்படும். இவ்வாண்டு 55-ஐ எட்டுவோருக்கு முழு ஓய்வுக்காலத் தொகை 220,400 வெள்ளி. அதில் பாதியான 110,200 வெள்ளிதான் அடிப்படைத் தொகை. சொந்த வீடு இருப்பவர், அந்த வீட்டின் குத்தகை தம் 95 வயது வரை நீடிக்குமானால், அடிப்படைத் தொகையை மட்டும் விட்டுவைத்து மீதியை எடுத்துக்கொள்ளலாம். 2025 ஜனவரியிலிருந்து 55 வயதைத் தாண்டியவர்களுக்குச் சிறப்புக் கணக்கு என்பதே கிடையாது. 65 வயதிலிருந்து சிபிஎஃப் லைஃப் திட்டத்தில் உயிரோடு இருக்கும்வரை மாதந்தோறும் பணம் வரும். முழுத் தொகை வைத்திருந்தவருக்கு மாதம் 1,700 வெள்ளி அளவில் கிடைக்கும். அடிப்படைத் தொகை வைத்திருந்தவருக்கு 900-த்துக்குச் சற்று மேல்.

இந்த ஏற்பாட்டைப் பற்றிக் காப்பிக்கடையில் பேசினால் இரண்டே குரல்தான் கேட்கும். ஒன்று, 'நம்ம காசு, நமக்கே கொடுக்க மாட்டேங்கிறான்.' மற்றொன்று, 'உலகத்திலேயே சிறந்த திட்டம், குறை சொல்லாதீங்க.' இரண்டாவது குரலுக்கு இப்போது ஒரு சான்றிதழும் கிடைத்திருக்கிறது. 2025-ல் மெர்சர் நிறுவனத்தின் உலக ஓய்வூதியக் குறியீட்டில் சிங்கப்பூர் ஏ தரம் பெற்றது. ஆசியாவில் அந்தத் தரத்தை எட்டிய முதல் நாடு. நான் இரண்டு குரலோடும் முழுக்க உடன்படவில்லை. என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த நிதி திவாலாகாது. ஆனால் திவாலாகாத நிதி என்பதால் உங்களுக்குப் போதுமான வருமானம் வந்துவிடும் என்று ஆகாது. நிதி நிலைத்திருப்பதை அரசாங்கம் பார்த்துக்கொண்டது. போதுமா என்ற கேள்வி உங்கள் சம்பளத்தின் தலையிலும், அதைவிட அதிகமாகச் சம்பளமே வாங்காத உங்கள் வீட்டுப் பெண்களின் தலையிலும் வந்து விழுந்திருக்கிறது.

கொஞ்சம் வரலாறு பார்ப்போம். 1955 ஜூலை முதல் தேதி சேம நிதி தொடங்கியபோது இங்கே பிரிட்டிஷ் ஆட்சி. தொழிலாளி 5 விழுக்காடு, முதலாளி 5 விழுக்காடு. 55 வயதில் மொத்தப் பணமும் கையில். பிரிட்டனில் இருப்பதுபோல் எல்லாரும் சந்தா கட்டி எல்லாருக்கும் ஓய்வூதியம் கொடுக்கும் சமூகக் காப்புறுதியைக் கொண்டுவரலாம் என்ற பேச்சும் அந்த ஆண்டுகளில் இருந்தது. அது நடக்கவில்லை. அன்று சராசரி ஆயுள் அறுபதை ஒட்டித்தான். துறைமுகத்திலும் செம்பவாங் கடற்படைத் தளத்திலும் வேலை பார்த்த நம்மவர்களில் பலருக்கு ஓய்வு என்றாலே ஊருக்குக் கப்பலேறுவது என்று பொருள். மொத்தமாகப் பணத்தை வாங்கி, நாகப்பட்டினத்திலோ சென்னையிலோ இறங்கி, நிலம் வாங்கி, மகளைக் கட்டிக்கொடுத்து, மீதி இருந்தால் திண்ணையில் உட்கார்ந்திருப்பது. மொத்தத் தொகை என்ற ஏற்பாடு அந்த வாழ்க்கைக்குப் பொருந்தியது.

பிறகு இரண்டு மாறுதல்கள் நடந்தன. மக்கள் இங்கேயே தங்கினார்கள். நீண்ட நாள் வாழத் தொடங்கினார்கள். இன்று சராசரி ஆயுள் 83-ஐத் தாண்டிவிட்டது. 65 வயதில் இருப்பவர்களில் ஏறக்குறையப் பாதிப்பேர் 85-ஐத் தாண்டுவார்கள், மூன்றில் ஒருவர் 90-ஐத் தாண்டுவார் என்பது கழகம் சொல்லும் கணக்கு. 55-ல் வாங்கிய மொத்தத் தொகை 90 வயது வரை எப்படி வரும்?

இந்தக் கேள்வியை முதலில் உரக்கக் கேட்டவர் அன்றைய சுகாதார அமைச்சர் ஹாவ் யூன் சோங். அவர் தலைமையிலான குழு 1984-ல் பணம் எடுக்கும் வயதை 55-லிருந்து உயர்த்த வேண்டும் என்று சொன்னது. ஊர் கொதித்தது. அந்த ஆண்டு டிசம்பரில் தேர்தல். மக்கள் செயல் கட்சியின் வாக்கு விகிதம் 77 விழுக்காட்டுக்கு மேலிருந்து 65-க்குக் கீழே விழுந்தது. எதிர்க்கட்சிகளின் சார்பில் ஆன்சனில் ஜெயரத்தினமும், போத்தோங் பாசிரில் சியாம் சீ டோங்கும் வென்றார்கள். பட்டதாரித் தாய்மார்களுக்குச் சலுகை என்ற திட்டமும் அந்தக் கோபத்தில் பங்கு வகித்தது, எல்லாப் பழியையும் சேம நிதியின் மேல் போட முடியாது. ஆனாலும் வயதை நேரடியாக உயர்த்தக் கூடாது என்ற பாடத்தை அரசாங்கம் கற்றுக்கொண்டது. 55 என்ற எண்ணை அது அதன்பிறகு தொடவே இல்லை. அதற்குப் பதிலாக 1987-ல் குறைந்தபட்சத் தொகை என்ற ஒன்றைக் கொண்டுவந்தது. அப்போது அது 30,000 வெள்ளி. அதைத்தான் இன்று வேறு பெயரில் 220,400 வெள்ளியாகப் பார்க்கிறோம். மாதத் தொகை கிடைக்கும் வயது 60-லிருந்து சிறிது சிறிதாக நகர்ந்து 2018-ல் 65-க்கு வந்து நின்றது. 2014-ல் ஹாங் லிம் பூங்காவில் எங்கள் சிபிஎஃப்-ஐத் திருப்பிக் கொடு என்று கூட்டம் கூடியதே, அந்தக் கோபத்தின் வேர் இங்கேதான் இருக்கிறது.

2009-ல் வந்த சிபிஎஃப் லைஃப்தான் இந்த வரலாற்றிலேயே மிக முக்கியமான திருப்பம் என்பேன். அதுவரை உங்கள் பணம் தீர்ந்தால் தீர்ந்ததுதான். இப்போது, நீங்கள் நூறு வயது வாழ்ந்தாலும் மாதத் தொகை நிற்காது. முன்பே இறந்துவிட்டால், போட்ட பணத்தில் வாங்கியது போக மீதி வாரிசுக்கு வரும். தனித்தனிக் கணக்காக இருந்த ஏற்பாட்டுக்குள், நீண்ட ஆயுள் என்ற ஒன்றை மட்டும் எல்லாரும் சேர்ந்து தாங்கும் ஏற்பாடு நுழைந்தது. 1955-ல் பேசிக் கைவிட்ட யோசனையின் ஒரு சிறு துண்டு, 54 ஆண்டு கழித்துப் பின்வாசல் வழியாக வந்தது என்று சொல்லலாம்.

இது ஏன் திவாலாகாது? பிரான்சிலும் ஜப்பானிலும் இன்று உழைப்பவர் கட்டும் பணம் இன்றைய முதியவருக்குப் போகிறது. பிள்ளைகள் குறைந்தால் அங்கே கணக்கு இடிக்கும். 2023-ல் ஓய்வு வயதை 62-லிருந்து 64 ஆக்கப்போன பிரெஞ்சு அரசாங்கம் பட்ட பாட்டைத் தொலைக்காட்சியில் பார்த்தோம். இங்கே உங்கள் பணம் உங்கள் பெயரில் இருக்கிறது. அரசாங்கக் கடன்பத்திரத்தில் போடப்பட்டு, சாதாரணக் கணக்குக்குக் குறைந்தது 2.5 விழுக்காடும் ஓய்வுக்காலக் கணக்குக்குக் குறைந்தது 4 விழுக்காடும் வட்டி வருகிறது. 55 வயதைத் தாண்டியவருக்கு முதல் 30,000 வெள்ளிக்கு மேலும் 2 விழுக்காடு. 2023-ல் இந்த நாட்டின் கருவள விகிதம் 0.97-க்கு இறங்கியது. ஒரு பெண்ணுக்கு ஒரு பிள்ளைகூட இல்லை. வேறு நாட்டில் ஓய்வூதிய அமைச்சருக்குத் தூக்கம் போயிருக்கும். இங்கே அது சேம நிதியை நேரடியாக உலுக்கவில்லை. மருத்துவமனைகளையும் தாதிமை இல்லங்களையும் உலுக்கும், அது வேறு பேச்சு.

சரி, நிலைத்திருக்கிறது. போதுமா?

தேக்காவில் பூக்கட்டும் ஓர் அக்காவை எனக்குப் பல ஆண்டாகத் தெரியும். பெயர் வேண்டாம். காலை ஐந்து மணிக்கெல்லாம் கடைக்கு வந்துவிடுவார். மல்லிகை வந்த பெட்டியைத் திறந்து, ஈரத்துணி போர்த்தி, வாழைநாரை நனைத்து மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தால், இரண்டிரண்டு மொக்காக எதிரெதிரே வைத்து முடிச்சுப் போடும் விரல்களைக் கண்ணால் பின்தொடர முடியாது. தீபாவளிக்கும் தைப்பூசத்துக்கும் முந்தைய நாட்களில் தூக்கமே கிடையாது. முப்பது ஆண்டுக்கு மேல் இந்த வேலை. அதற்கு முன் 1980-களில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் சில ஆண்டு. இப்போது வயது 66. செங்காங்கில் மகன் வீட்டில் இருக்கிறார்.

அவருடைய சேம நிதி அறிக்கையை ஒருநாள் கொண்டுவந்து படித்துச் சொல்லச் சொன்னார். அந்தத் தொழிற்சாலைக் காலத்துப் பணம், வட்டியோடு சேர்ந்தும், சில ஆயிரம்தான். பிறகு? ஒன்றுமில்லை. சொந்தத் தொழில் செய்பவர் மருத்துவச் சேமிப்பான மெடிசேவ் மட்டும்தான் கட்டாயமாகக் கட்ட வேண்டும், அதுவும் ஆண்டு நிகர வருமானம் 6,000 வெள்ளியைத் தாண்டினால். ஓய்வுக்காலத்துக்கென்று எதுவும் கட்டாயமில்லை. கட்டாயமில்லாததை யார் கட்டுவார்கள்? 'தம்பி, எனக்கு எதுக்கு சிபிஎஃப்பு? அதான் மவன் இருக்கான்ல' என்றார். மகன் நல்லவர், அம்மாவை நன்றாகத்தான் வைத்திருக்கிறார். ஆனால் அந்த அக்கா பேத்திக்கு ஒரு ஜோடி கொலுசு வாங்க மருமகளிடம் கேட்க வேண்டும். கோயிலில் ஓர் அர்ச்சனைச் சீட்டுக்கு மகனுடைய அட்டையைத்தான் நீட்ட வேண்டும். முப்பது ஆண்டு அதிகாலை எழுந்தவருக்கு இது கசக்காதா?

அரசாங்கம் உதவாதா என்று கேட்பீர்கள். மூத்தோர் ஆதரவுத் திட்டம் 2016-லிருந்து இருக்கிறது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை அதிகபட்சம் 1,080 வெள்ளி. வாழ்நாளில் குறைவாகச் சம்பாதித்தவர்களுக்கான திட்டம், நல்ல திட்டம். ஆனால் அது தனிமனிதரைப் பார்ப்பதில்லை, வீட்டைப் பார்க்கிறது. வீட்டில் ஆளுக்கு மாதம் 2,300 வெள்ளிக்கு மேல் வருமானம் இருந்தால் கிடையாது. மகனும் மருமகளும் நல்ல வேலையில் இருந்தால் அம்மாவுக்கு ஒன்றும் வராது. வரிப்பணத்தை வசதியான வீட்டுக்குக் கொடுக்கக் கூடாது என்ற நியாயம் எனக்குப் புரிகிறது. ஆனாலும் மகனோடு சேர்ந்து வாழும் தாய், தன் சொந்தக் கணக்கில் ஏழையாகவே இருக்கிறார் என்பதை இந்தக் கணக்கு காண்பதே இல்லை. குடும்பம் தாங்கட்டும் என்று கொள்கை வகுக்கும்போது அதன் விலையைக் குடும்பத்திலுள்ள பெண்களே கொடுக்கிறார்கள்.

சம்பளம் வாங்கியவர்கள் கதையும் முழுக்க இனிப்பில்லை. துப்புரவுத் துறையில் 2014-ல் படிப்படியான சம்பள முறை கட்டாயமானபோது அடிப்படைச் சம்பளம் 1,000 வெள்ளி. அன்றைய முழு விகிதமான 36 விழுக்காடு கட்டினாலும் மாதம் 360 வெள்ளிதான் நிதிக்குப் போகும். அதிலும் பெரும்பகுதி வீட்டுக் கடனுக்குப் போய்விடும். இன்று அதே வேலைக்கு 1,900 வெள்ளியைத் தாண்டிவிட்டது. மகிழ்ச்சி. ஆனால் அந்த உயர்வால் நன்மை பெறப்போவது இப்போது முப்பது வயதில் இருப்பவர். அறுபது வயதில் துடைப்பம் பிடித்திருப்பவரின் சேமிப்பு 1990-களின் சம்பளத்திலும் 2000-களின் சம்பளத்திலும் உருவானது. அந்தச் சம்பளத்தை யாரும் திரும்பப் போய் உயர்த்த முடியாது. குறைந்த சம்பளக்காரர்களுக்கு அரசாங்கம் கொடுக்கும் வேலைநலன் துணை வருமானம் 2007-ல் வந்தது. அதற்கு முந்தைய ஆண்டுகளுக்கு அதுவும் இல்லை. லீ குவான் இயூ பொதுக்கொள்கைப் பள்ளியின் இங் கோக் ஹோவும் அவர் குழுவினரும் 2019-ல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். தனியாக வாழும் 65 வயது முதியவர் கௌரவமாக வாழ மாதம் 1,379 வெள்ளி வேண்டும் என்று கணக்கிட்டார்கள். அதன்பிறகு விலைவாசி ஏறியதை நீங்கள் அறிவீர்கள், 2022-ல் மட்டும் 6.1 விழுக்காடு. அடிப்படைத் தொகை வைத்திருப்பவருக்கு வரும் 900 சொச்சத்தை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

விலைவாசி பற்றி ஒரு சொல். சிபிஎஃப் லைஃபில் பெரும்பாலோர் எடுப்பது நிலையான திட்டம். 65-ல் வந்த தொகையே ஏறக்குறைய 85-லும் வரும். ஆண்டுக்கு 2 விழுக்காடு உயரும் திட்டமும் உண்டு, ஆனால் தொடக்கத் தொகை ஐந்தில் ஒரு பங்கு குறைவு. நம் ஆட்கள் கைக்கு வரும் முதல் தொகையைப் பார்த்துத்தான் முடிவெடுக்கிறார்கள். விலைவாசி சேமிப்பை என்ன செய்யும் என்பதற்கு இலங்கையைப் பாருங்கள். அங்கே 1958-லிருந்து ஊழியர் சேமலாப நிதி இருக்கிறது. தொழிலாளி 8 விழுக்காடு, முதலாளி 12 விழுக்காடு, கடைசியில் மொத்தத் தொகை. மலையகத் தோட்டத்தில் கொழுந்து பறித்த பெண்ணுக்கும் அதுதான் முதுமைக்கான ஆதாரம். 2022 செப்டம்பரில் அங்கே பணவீக்கம் 70 விழுக்காட்டை ஒட்டி நின்றது. அந்த ஓராண்டில், தேயிலைக் காட்டில் பல்லாண்டு உழைத்துச் சேர்த்த தொகையின் மதிப்பு எவ்வளவு கரைந்திருக்கும் என்று சொல்லவே வேண்டாம். சிங்கப்பூரில் அந்த அளவுக்கு நடக்கும் என்று நான் பயமுறுத்தவில்லை. ஆண்டுக்கு 2, 3 விழுக்காடு என்றாலும் இருபது ஆண்டில் அது தின்னும் அளவு அதிகம்.

இப்போது வீட்டுக்கு வருவோம். செங்காங்கில் இதைப் பேசாமல் போனால் பேச்சே வீண். 1968-லிருந்து சேம நிதிப் பணத்தில் வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் (வீவக) வீடு வாங்கலாம். அந்த ஒரு முடிவால் இந்த நாட்டு மக்களுக்கு வீடு கிடைத்தது. அதே முடிவால் அவர்களின் ஓய்வுக்காலப் பணம் சுவருக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. 2001-ல் இங்கே வீடு வாங்கியவர் சேம நிதியிலிருந்து 100,000 வெள்ளி எடுத்தார் என்று வைத்துக்கொள்ளுங்கள். எடுக்காமல் விட்டிருந்தால் 2.5 விழுக்காட்டில் 25 ஆண்டில் அது ஏறத்தாழ 185,000 ஆகியிருக்கும். வீட்டை விற்கும்போது அந்த 185,000 முதலில் உங்கள் சேம நிதிக் கணக்குக்குத் திரும்ப வேண்டும். 'வட்டியை அரசாங்கம் பிடுங்கிக்கொள்கிறது' என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை, அது உங்கள் கணக்குக்கே வருகிறது. ஆனால் விற்றுக் கையில் ரொக்கமாக வரும் என்று எண்ணிய பணம், ரொக்கமாக வராமல் கணக்கில் போய்ச் சேர்கிறது. அடுத்த வீட்டுக்கு முன்பணம் கட்ட முடியாமல் சிலர் தவித்ததை நானே பார்த்திருக்கிறேன்.

அந்த வீட்டின் 99 ஆண்டுக் குத்தகையில் இன்னும் 74 ஆண்டு போல மீதி இருக்கிறது. 65 வயதுக்குப் பிறகு குத்தகையின் பின்பகுதியை வீவகவிடம் விற்று, அந்தப் பணத்தை ஓய்வுக்காலக் கணக்கில் போட்டு, அதே வீட்டில் சாகும்வரை இருக்கலாம். 2009-ல் சிறு வீடுகளுக்கு வந்த இந்தத் திட்டம் 2019 முதல் எல்லா வகை வீவக வீட்டுக்கும் உண்டு. நம்மவர்கள் இதைத் தொடுவதே இல்லை. 'வீடு பிள்ளைக்கு' என்ற ஒரே சொல்லில் பேச்சு முடிந்துவிடும். பிள்ளைக்கு அந்த வீடு கிடைக்கும்போது அவனுக்கு வயது அறுபது, அவனுக்கென்று வீடும் இருக்கும். அவன் கேட்காத சொத்துக்காக நீங்கள் மாதச் செலவைக் குறைத்துக்கொண்டு, அந்தச் செலவுக்கு அவனையே கேட்டுக்கொண்டிருப்பது எனக்குச் சரியான கணக்காகத் தெரியவில்லை. கோபித்துக்கொள்ளாதீர்கள்.

அடுத்தது, கூடுதல் ஆண்டு உழைப்பது. இதில் அரசாங்கம் தெளிவாக இருக்கிறது. 2026 ஜூலை முதல் தேதியிலிருந்து ஓய்வு வயது 64, மறுவேலைவாய்ப்பு வழங்க வேண்டிய வயது 69. 2030-க்குள் 65, 70. மூத்த ஊழியருக்கான சந்தா விகிதமும் உயர்கிறது. 55 வயதுக்கு மேல் 60 வரை உள்ளவருக்கு இப்போது 34 விழுக்காடு, 60-க்கு மேல் 65 வரை 25 விழுக்காடு. வயதானவரை வேலைக்கு வைத்துக்கொள்ள முதலாளிக்குச் செலவு குறைய வேண்டும் என்று சொல்லி 1988-ல் குறைத்ததைத்தான், கிட்டத்தட்ட நாற்பது ஆண்டு கழித்து, திரும்ப ஏற்றிக்கொண்டிருக்கிறார்கள். நான் இதை வரவேற்கிறேன். மாதத் தொகையை 65-ல் தொடங்காமல் 70 வரை தள்ளினால் ஒவ்வோர் ஆண்டுக்கும் 7 விழுக்காடு வரை கூடும் என்பதும் நல்ல ஏற்பாடு.

ஆனால் இந்த யோசனையைச் சொல்பவர்கள் பெரும்பாலும் நாற்காலியில் உட்கார்ந்து வேலை பார்ப்பவர்கள். 68 வயதில் அறிக்கை எழுதலாம். 68 வயதில் பன்னிரண்டு மணி நேரம் கொண்டோமினியத்தின் வாயிலில் நின்று பாதுகாவல் பார்ப்பதும், உணவங்காடியில் தட்டுகளை அடுக்கித் தள்ளிக்கொண்டு போவதும் அப்படியல்ல. இன்று 65-ஐக் கடந்தவர்களில் பத்தில் மூவர் போல வேலை செய்கிறார்கள். அவர்களில் எத்தனை பேர் விரும்பி வருகிறார்கள், எத்தனை பேர் வேறு வழியில்லாமல் வருகிறார்கள் என்பதை அவர்கள் முழங்காலைப் பார்த்தால் தெரியும். கூடுதல் ஆண்டு உழைப்பைக் கொள்கையாக்கும் நாடு, நின்று செய்யும் வேலைகளைத் திருத்தி அமைப்பதையும் அதே வேகத்தில் செய்ய வேண்டும். அது நடக்கவில்லை.

உணவு விநியோக ஓட்டுநர்களுக்கும் தனியார் வாடகைக் கார் ஓட்டுநர்களுக்கும் 2025 ஜனவரியிலிருந்து சேம நிதி வந்திருக்கிறது. 1995-லும் அதற்குப் பிறகும் பிறந்தவர்களுக்குக் கட்டாயம், மூத்தவர்களுக்கு விருப்பம். ஐம்பது வயது ஓட்டுநர் இங்கே யாராவது இருந்தால், தயவுசெய்து சேர்ந்துவிடுங்கள். மாத வருமானத்தில் கொஞ்சம் குறையும், உண்மைதான். ஆனால் நிறுவனமும் தன் பங்கைக் கட்டும், அதை விட்டுவிடாதீர்கள்.

ஞாயிற்றுக்கிழமை மாலை சிராங்கூன் சாலையில் நடந்தால் தோளோடு தோள் உரசும் அந்தத் தம்பிகளைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். வேலை அனுமதிச் சீட்டில் வந்தவர்களுக்குச் சேம நிதி இல்லை. அது குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் மட்டுமே. பத்து, பதினைந்து ஆண்டு இந்த ஊரின் சுரங்கப்பாதைகளையும் செங்காங்கின் புதிய புளோக்குகளையும் கட்டிவிட்டு, புதுக்கோட்டைக்கும் சிவகங்கைக்கும் திரும்பும்போது அவர்கள் கையில் இருப்பது அனுப்பிய பணத்தில் கட்டிய வீடு மட்டும். கேரளத்தில் வெளிநாட்டிலிருந்து திரும்பியவர்களுக்கென்று சந்தா கட்டி ஓய்வூதியம் பெறும் நல நிதி இருக்கிறது. தமிழ்நாட்டில் அயலகத் தமிழர் நல வாரியம் இருக்கிறது. கேரளத்தைப் போன்ற ஓர் ஓய்வூதியத்தை அந்த வாரியத்திடம் நாம் இங்கிருந்து கேட்க வேண்டும். சென்னையிலிருந்து அமைச்சர்கள் வரும்போது பொன்னாடை போர்த்துகிறோமே, அப்போதே மனுவையும் கையில் கொடுக்கலாம்.

நேரமாகிவிட்டது. கொள்கை மாறும்வரை காத்திருக்காமல் வீட்டில் செய்யக்கூடிய மூன்று காரியங்களைச் சொல்லி இறங்கிவிடுகிறேன்.

ஒன்று, நியமனம். உங்கள் சேம நிதிப் பணம் உயிலுக்குள் வராது. தனியாக நியமனம் செய்ய வேண்டும். கல்யாணத்துக்கு முன் அம்மா பெயரில் செய்திருந்தால், கல்யாணம் ஆனவுடனே அது செல்லாது. பலருக்கு இது தெரியாது. நியமனம் இல்லாமல் ஒருவர் போய்விட்டால் பணம் பொது அறங்காவலரிடம் போய், சட்டப்படி பிரிக்கப்பட்டு வரும். அதற்குள் விதவையான பெண் எத்தனை அலுவலகம் ஏற வேண்டும்! இணையத்தில் சிங்பாஸ் வழியாகச் செய்துவிடலாம். சாட்சிக்கு இரண்டு பேர் வேண்டும். இங்கே பக்கத்து நாற்காலியில் இருப்பவரையே கேளுங்கள்.

இரண்டாவது இன்னும் முக்கியம். ஈடுசெய்யும் ஓய்வுக்காலச் சேமிப்புத் திட்டம் 2021-ல் வந்தது. 55 வயதைத் தாண்டி, கணக்கில் அடிப்படைத் தொகை இல்லாத, வருமானம் குறைந்த சிங்கப்பூரரின் ஓய்வுக்காலக் கணக்கில் யார் பணம் போட்டாலும், அரசாங்கம் வெள்ளிக்கு வெள்ளி போடும். முதலில் ஆண்டுக்கு 600 வெள்ளி வரைதான் இருந்தது, எழுபது வயதோடு நின்றது. 2025-லிருந்து ஆண்டுக்கு 2,000 வெள்ளி, வயது வரம்பும் இல்லை. வாழ்நாளில் மொத்தம் 20,000 வரை. பூக்கட்டும் அக்காவின் மகனிடம் இதைத்தான் சொன்னேன். மாதம் 170 வெள்ளி அம்மாவிடம் கைச்செலவுக்குக் கொடுப்பதோடு, இன்னொரு 170-ஐ அம்மாவின் கணக்கில் போடுங்கள், அடுத்த ஆண்டின் தொடக்கத்தில் அரசாங்கம் அதை 2,000 வெள்ளி வரை இரட்டிப்பாக்கும். அதற்கு மேல் முதல் 30,000-க்கு 6 விழுக்காடு வட்டி. வங்கியில் எங்கே கிடைக்கும்? போட்டால் திரும்ப எடுக்க முடியாது என்பதை மறந்துவிடாதீர்கள். மாதாமாதம் அம்மாவுக்குத்தான் வரும். அதுதானே நமக்கும் வேண்டியது?

மூன்றாவது, உங்கள் மனைவி வீட்டைப் பார்த்துக்கொண்டதால் வேலைக்குப் போகவில்லை என்றால், உங்கள் கணக்கில் அடிப்படைத் தொகைக்கு மேல் இருப்பதை அவர் கணக்குக்கு மாற்றலாம். இதற்குக் கையிலிருந்து ஒரு காசும் தேவையில்லை. இதுவரை இதை எத்தனை பேர் செய்திருக்கிறீர்கள், கையைத் தூக்குங்கள் என்று கேட்கப்போவதில்லை. இன்று இரவு வீட்டுக்குப் போனதும், உங்கள் சேம நிதி அறிக்கையையும் மனைவியின் அறிக்கையையும், வீட்டில் அம்மா இருந்தால் அவருடையதையும் ஒன்றாகத் திறந்து பாருங்கள். யாருடைய எண் சிறியதோ, அவர் கணக்கில் டிசம்பர் 31-க்குள் பணம் போட்டுவிடுங்கள்.